இறக்கம் இல்லாத ஃபைல்

ட்ரோனின் பேட்டரி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஆனால் அந்த ஃபைலின் நீளம் முப்பத்தொரு நிமிஷம் நாற்பது விநாடி என்று கம்ப்யூட்டர் காட்டியது.

சுவார்திகா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். மாறவில்லை. கல்யாணங்களுக்கும் பல் அராவும் சடங்குகளுக்கும் வீடியோ எடுத்து எட்டு வருஷமாகப் பிழைக்கிறவன் அவன். கோளாறு வந்தால் ஃபைல் உடையும், பாதியில் நிற்கும், திறக்கவே திறக்காது. எல்லாம் பார்த்திருக்கிறான். வளர்ந்த ஃபைலை மட்டும் பார்த்ததில்லை. பதினாறு ஜிபி இருக்க வேண்டியது இருபத்துமூன்று ஜிபி இருந்தது.

அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் காலை ஆறு மணிக்குத் தீவு முழுக்க இன்டர்நெட் திரும்பிய நிமிஷமே அதை அனுப்பத் தொடங்கிவிட்டான். மணி எட்டே கால். ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது.

போனது இரண்டு பேருக்கு. ஒருவன் கெர்த்தா, இரண்டு சந்து தள்ளி வீடு. இன்னொருத்தி ஸ்ரியாசி, தபானானில் ஒரு ஹோட்டலுக்குப் படம் எடுப்பவள். மூன்று பேருக்கும் ட்ரோன் பைத்தியம். மெசேஜில் அனுப்பினால் வீடியோவைப் பிழிந்து சக்கையாக்கிவிடுகிறது என்று பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார்கள். ஒருவர் போட்டால் மற்ற இருவர் கம்ப்யூட்டரிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஸ்ரியாசி ஒரு சட்டம் போட்டிருந்தாள். வெட்டக் கூடாது. ட்ரோன் கையிலிருந்து ஏறுவதில் தொடங்கி, கையில் வந்து இறங்குவது வரை முழுசாகப் போட வேண்டும். வெட்டுவது பார்க்கிறவர் பாடு. இறக்கம் இல்லாத ஃபைலைப் போட்டவர், அடுத்த முறை மூன்று பேர் பேட்டரியையும் சுமக்க வேண்டும்.

நேற்று எடுத்ததை மட்டும் அவன் யாருக்கும் காட்டியிருக்கவே கூடாது.

நேற்று ஞெபி, தீவே மௌனம் காக்கிற நாள். அடுப்பு எரியக் கூடாது, விளக்கு கூடாது, வாசல் தாண்டக் கூடாது. இன்டர்நெட் இருக்காது, விமானம்கூட இறங்காது. முந்தின சாயங்காலம் பூத பொம்மைகளைத் தோளில் தூக்கித் தெருத்தெருவாக ஆட்டி, தகரத்தைத் தட்டி, உறங்குவதையெல்லாம் உசுப்பிவிட்டு, பொம்மைகளைக் கொளுத்துவார்கள். உசுப்பப்பட்டவை மறுநாள் மேலே வரும். வந்து கீழே பார்க்கும். இங்கே ஒரு ஜீவனும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கடலைத் தாண்டிப் போய்விடும். அதற்காகத்தான் அந்த ஒரு நாள் மட்டும் அத்தனை பேரும் இல்லாததுபோல் இருப்பது.

சுவார்திகாவுக்கு இது தெரியாததில்லை. அவன் அண்ணன் அஸ்தாவாவே ஊர்க்காவல். கறுப்புச் சட்டையும் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணியுமாக, ஞெபி அன்று தெருவில் நடக்க உரிமை உள்ள ஆறு பேரில் ஒருவர். அண்ணன் ஊரின் மறுகோடிக்குப் போகட்டும் என்று காத்திருந்து, உச்சி வெயிலில், பன்றிக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று சுவார்திகா ட்ரோனை ஏற்றினான். வெறிச்சோடிய தார் ரோடு, ஆளில்லாத சந்தை, வெயிலில் காய்கிற ஒரு தீவு. வேறு யாரிடமும் இல்லாத படம். அந்த ஆசைதான்.

சத்தத்தை அவன் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற நாளில் வண்டிகளுக்கும் சேவல்களுக்கும் நடுவே காணாமல் போகிற அந்த ரீங்காரம், நேற்று ஊர் முழுக்க ஒற்றை வண்டாக ஊர்ந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் யாரோ தலை நிமிர்ந்து கேட்பது அவனுக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது. இறக்கிவிடலாம் என்று நினைத்தான், இறக்கவில்லை. கடைசியில் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தபோது ட்ரோன் சூடாக இருந்தது. கொஞ்சம் கனமாகவும் இருந்ததோ என்று தோன்றியது.

ஒன்பதரைக்கு ஃபோன் அதிர்ந்தது. ஸ்ரியாசியின் குரல் செய்தி.

"டேய் சுவார், தபானான் வரைக்கும் வந்துட்டு எங்களப் பாக்காமயே போனியா? எங்கம்மா தலைக்கு மேலயே நின்னு எடுத்திருக்கே. அவங்க கூந்தல்ல இருக்கிற பூகூடத் தெரியுது. அது சரி, இறக்கம் எங்க? சட்டம் போட்டவகிட்டயே ஏமாத்தறியா? அடுத்த தடவ பேட்டரியெல்லாம் நீதான் சுமக்கற."

தபானான் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர். அவன் ட்ரோன் ஐந்துக்கு மேல் போகாது.

ஃபைலைத் திறந்து இருபத்தோராவது நிமிஷத்துக்குத் தள்ளினான். அவன் வீடுதான். ஓட்டுக் கூரைகள், குடும்பக் கோயிலின் மஞ்சள் குடை, பன்றிக்கொட்டில். அதன் பின்னால் அவன், அண்ணாந்து பார்த்து, வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இறக்கம். இதோ இருக்கிறதே, இவள் ஏன் இல்லை என்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, படத்தின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் நான்கு கைகளுள்ள ஒரு சின்னப் பொருள் வந்தது. மெல்ல இறங்கியது. அவன் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது.

அவனுடைய ட்ரோன்.

படம் எடுத்த ட்ரோன், படத்துக்குள்ளேயே வந்து இறங்கிவிட்டது. படம் மட்டும் நிற்கவில்லை. கீழே நிற்கிறவன் ட்ரோனைத் துணியில் சுற்றிக்கொண்டு திருடனைப் போல வீட்டுக்குள் ஓடுவதை மேலிருந்து பார்த்தது. கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்தது. பிறகு மேற்கே திரும்பியது.

சுவார்திகா படத்தை நிறுத்தினான். வெளியே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம், முந்தாநாள் எரிந்த பொம்மைகளின் மூங்கில் சாம்பல் வாசனை, எல்லாம் வழக்கம்போல இருந்ததுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

"சுவார்!"

அண்ணன். கம்ப்யூட்டரைச் சட்டென்று மூடினான்.

ஞெபிக்கு மறுநாள் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற நாள். அஸ்தாவா புதுத் தலைப்பாகையோடு வாசலில் நின்றார். அவர் பெரியவர் என்பதால் முதலில் குனிய வேண்டியவன் இவன். கைகளைக் கூப்பி, உள்ளும் புறமும், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் மன்னிக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னான். நாக்கு அதைப் பழக்கத்தில் சொல்லி முடித்துவிட்டது. அண்ணன் அவன் தலையைத் தொட்டார். தொட்ட இடம் எரிந்தது.

பிறகு திண்பண்டத் தட்டை நகர்த்திவிட்டு, அண்ணன் சேதியைச் சொன்னார். நேற்று ட்ரோன் விட்டவனைப் பிடித்தாகிவிட்டதாம். கெர்த்தா. ஊரில் பெரிய ட்ரோன் அவனுடையதுதான், காலையில் ஆறு பேரும் போய் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்களாம். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். ஐந்து மணிக்கு ஊர் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் தலை தரையில் படக் கும்பிட வேண்டும்.

"அவன் அம்மா அழுதுட்டு நிக்கறாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு," என்றார் அண்ணன். "உன் கூட்டாளிதானே. உனக்கு ஏதாவது தெரியுமா?"

சுவார்திகா தட்டிலிருந்த வாழைப்பழ அப்பத்தைப் பார்த்தான்.

"தெரியாதுண்ணே."

அண்ணன் ஒரு கணம் கூடுதலாக அவனைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மத்தியானம் வரை அந்த அப்பம் அங்கேயே இருந்தது. இரண்டு மணிக்கு மேல் தாங்க முடியாமல் கெர்த்தா வீட்டுக்கு நடந்தான். வழியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார்கள். அவனும் கூப்பினான். ஒவ்வொரு கும்பிடும் முகத்தில் துப்பியதுபோல் இருந்தது.

கெர்த்தா அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா இறைச்சியும் தேங்காயும் கொத்திக் கலந்து வைத்த லாவார் வாழையிலையில் தொடாமல் காய்ந்துகொண்டிருந்தது.

"வா. மன்னிப்புக் கேக்கத்தானே வந்தே? இன்னிக்கு ஊரே கேக்குது," என்றான் கெர்த்தா. சிரிக்கத்தான் பார்த்தான்.

"நீ ஏன்டா சொல்லல?"

"எட்டரைக்கு உன் ஃபைலப் பாத்தேன். ஒன்பதுக்கு உங்கண்ணன் வந்துட்டார். நான் சொல்லமாட்டேன்டா."

"அதான், ஏன்?"

"நீயே சொல்லுவேன்னுதான்."

கெர்த்தா அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துப் படத்தை ஓட்டினான். வயல்கள். பச்சைப் படிகள். அவற்றின் மேல் ஊர்ந்து போகிற ஒரு கறுப்பு.

நூறு மீட்டர் உயரத்துக்குப் போன ட்ரோனின் நிழல் தரையில் விழாது. மூன்று பேருக்கும் தெரிந்த பாலபாடம் அது. ஆனால் இங்கே நிழல் விழுந்தது. மூன்று வயல் அகலத்துக்கு விழுந்தது. ஓரங்கள் நேராக இல்லை, நீளநீளமாகப் பிரிந்து, தண்ணீரில் முடி அலைவதுபோல் பின்னால் இழுபட்டு வந்தன. நிழல் தாண்டிப் போன பிறகுதான் நாற்றுகள் நிமிர்ந்தன.

"இது வாத்து மேய்க்கிற கொட்டாய். இது ஸ்ரியாசி வீடு. அவ ஃபைலத் திறந்த பிறகுதான் அவ வீட்டுக்குப் போயிருக்கு," என்று கெர்த்தா கிசுகிசுத்தான். "இப்ப இதப் பாரு."

ஓட்டுக் கூரை. இரண்டு ஓடுகளுக்கு நடுவே விரல் நுழைகிற ஓர் இடைவெளி. படம் அதை நோக்கி இறங்கியது. இடைவெளி வழியே ஒரு தலை, ஒரு மேஜை, ஊதாச் சட்டை. சட்டையின் தோளில் ஒரு கிழிசல்.

சுவார்திகா கெர்த்தாவின் தோளைப் பார்த்தான். அதே ஊதா. அதே கிழிசல்.

இருவரும் மெல்ல அண்ணாந்தார்கள். ஓடுகளுக்கு நடுவே வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு மறைந்தது. ஐந்தாறு விநாடி. பிறகு திரும்பி வந்தது.

"இறங்க இடம் தேடுதுடா," என்றான் கெர்த்தா. இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "பூசாரி மங்கு சாயங்காலம் எங்க வாசல்ல படையல் வைக்கப்போறார். வந்ததத் திருப்பி அனுப்பற படையல். எந்த வாசல்லேருந்து நாம கூப்பிட்டோமோ அங்க வச்சாத்தான் அது போகும். எங்க வாசல்ல வச்சு யாருக்குப் பிரயோஜனம்? நாலு வார்த்தை. 'நான்தான், எங்க வீட்லேருந்துதான்.' சொல்லிடு."

சொல்கிறேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான் சுவார்திகா. அப்போது நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தான்.

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. கிராம்புச் சிகரெட் புகை, ஈரப் பூ, வியர்வை. அவன் மூன்றாவது வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். குற்றத்தை வாசித்தது அண்ணன்தான். கெர்த்தா நடுவே மண்டியிட்டிருந்தான், பின்னால் அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். ஊர்த் தலைவர் வழக்கப்படி மூன்று முறை கேட்டார், வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று.

முதல் முறை சுவார்திகா, நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டுக்குள் தன்னை விடுவார்கள் என்று நினைத்தான். இரண்டாவது முறை அண்ணனின் கறுப்புச் சட்டையை நினைத்தான், சொந்தத் தம்பியைப் பிடிக்கத் தெரியாத காவல்காரர் என்று ஊர் சிரிக்கும். மூன்றாவது முறை ஒன்றும் நினைக்கவில்லை. மண்டபத்தில் நேற்றைப் போன்ற நிசப்தம். அண்ணன் கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவில்லை, இவனை மட்டும் பார்த்தார்.

கெர்த்தாவின் நெற்றி தரையில் பட்ட சத்தம் சின்னதாகக் கேட்டது.

ஐந்து நிறச் சோறும் சாராயமும் கோழி ரத்தமுமாக மங்கு முன்னால் நடக்க, ஊரே கெர்த்தா வீட்டை நோக்கிக் கிளம்பியது. சுவார்திகா தலைவலி என்று யாரிடமோ முணுமுணுத்துவிட்டு எதிர்த் திசையில் நடந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அதுவும் கூச்சமாக இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. அண்ணியும் அங்கே போயிருந்தாள். பொழுது சாய்ந்து, பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிற நேரம், ஆனால் கூப்பிட ஒருவரும் இல்லை. முற்றத்து நாய் அதன் இடத்தில் இல்லை. எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் பன்றிகள் கொட்டிலின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தன.

அறையில் வெளிச்சம். மூடி வைத்த கம்ப்யூட்டர் திறந்திருந்தது.

ஃபைலின் நீளம் பத்து மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அழித்தான். போனது. மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது, ஸ்ரியாசியிடமிருந்தோ கெர்த்தாவிடமிருந்தோ. இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். நீளம் ஒரு விநாடி கூடியது. இன்னொரு விநாடி. சுவரிலிருந்து கரண்ட் வயரைப் பிடுங்கினான். கூடிக்கொண்டேதான் இருந்தது.

படத்தின் கடைசிக்குப் போனான்.

சந்து. தீப்பந்தங்களோடு எறும்பு வரிசையாக ஜனங்கள். அவர்கள்மேல் அந்தக் கறுப்பு, நிதானமாக, கூடவே போனது. கெர்த்தா வாசலில் படையலிலிருந்து புகை எழுந்தது. கறுப்பு அந்தப் புகையின் மேலே நின்றது. கொஞ்சம் பின்வாங்கியது. அந்த வாசலில் அதற்கு வேலை இல்லை என்பதுபோல் திரும்பியது.

சந்து முனை. செம்பருத்தி வேலி. இரண்டாவது சந்து.

மஞ்சள் குடை.

சுவார்திகா கம்ப்யூட்டரை மூடினான். துணியைப் போட்டுப் பொத்தினான். விளக்கை அணைத்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். விளக்கு இல்லை. அசைவு இல்லை. சத்தம் இல்லை. நேற்றுச் செய்ய வேண்டியதை இன்று செய்தான். இங்கே யாரும் இல்லை. இங்கே ஒரு ஜீவனும் இல்லை.

கூரையில் ஓர் ஓடு நகர்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை. வெகு நேரம் ஒன்றுமில்லை. அந்த நிசப்தத்தில் கெர்த்தாவின் நெற்றி தரையில் படுகிற சத்தம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அவன் அம்மாவின் முந்தானை. அண்ணன் பார்த்த பார்வை. அவன் வாயைத் திறந்தான்.

"அண்ணே, நான்தான். எங்க வீட்லேருந்துதான்."

எவ்வளவு சுலபமாக வந்தது. எவ்வளவு தெளிவாக வந்தது. கேட்க ஒருவரும் இல்லாத வீட்டில் அந்தக் குரல் முற்றம்வரை போய், நின்றது.

கூரைமேல் இருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பியதுபோல் இருந்தது.

ஃபோன் ஒளிர்ந்தது. ஸ்ரியாசி.

"இப்பதான் இறக்கம் வருது. அப்பாடா."

இன்னொன்று.

"முற்றத்துல நல்லா கைய நீட்டிக்கிட்டு நிக்கற."

இல்லை. கட்டிலுக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறான். முதுகுக்குச் சுவரைத் தேடினான். சுவர் இல்லை. காலுக்கடியில் முற்றத்து மண், ஈரமாக. எப்போது எழுந்தான், எப்போது வந்தான், தெரியவில்லை. அமாவாசை கழிந்த வானத்தில் நட்சத்திரங்கள் இருக்க வேண்டும். தலைக்கு மேலே மட்டும், மூன்று வயல் அகலத்துக்கு, இல்லை.

இடது கையில் ஃபோன் மறுபடி ஒளிர்ந்தது.

"டேய், உன் கைல என்னடா அது?"

அவன் பார்த்தான். வலது கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி.

சூடாக இருந்தது. நேற்றைவிடக் கனமாக இருந்தது. சுண்டு விரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எதுவோ அவன் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தது.